சைலன்சர் மாற்றினால் மைலேஜ் என்ன ஆகும்? மாட்டும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

வண்டிக்கு வேறு சைலன்சர் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது சத்தம் எப்படி இருக்கும் என்று, அடுத்து கேட்பது மைலேஜ் அடிவாங்குமா என்று. இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கிற பதில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒருவர் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் போச்சு என்பார், இன்னொருவர் அதே வண்டியில் அதே பைப்பை மாட்டி 2 கிலோமீட்டர் கூடியது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பைப்போடு சேர்த்து அவர்கள் வண்டியில் வேறு என்னவெல்லாம் மாறியது என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் அனுபவத்தில் பைப் தானாக மைலேஜைக் கெடுப்பது அபூர்வம். பைப்பை மாட்டிய விதம், அதற்கப்புறம் பெட்ரோல் கலவையில் செய்த வேலை, புது சத்தத்துக்கு மயங்கி ஆக்சிலரேட்டரை முறுக்குகிற கை, இந்த மூன்றும்தான் கெடுக்கின்றன. மூன்றையும் நாமே பார்த்துச் சரிசெய்துவிடலாம், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சீரான வேகத்தில் பைப் ஏன் பெரிதாகக் கணக்கில் வராது

சமதள ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒரு சாதாரண வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பையும் டயர் உராய்வையும் சமாளிக்க 3லிருந்து 4 குதிரைத்திறன் இருந்தால் போதும். 20 குதிரைத்திறன் தரக்கூடிய இன்ஜினில் அது ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில், இன்ஜினுக்குள் போகிற காற்றின் வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டு லேசாகத்தான் திறந்திருக்கும், இன்ஜின் காற்றை இழுக்கத் திணறுவதே அந்தத் தட்டுக்கு முன்னால்தான். புகை வெளியே போகிற பாதையில் அப்போது நெரிசலே கிடையாது.

பைப் தருகிற எதிர்ப்பு அதன் வழியே ஓடுகிற புகையின் அளவைப் பொறுத்தது, அதுவும் நேர்விகிதத்தில் இல்லை: ஓட்டம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதையே திருப்பிப் போட்டால், முழு த்ராட்டிலில் ஓடுகிற புகையில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறது என்றால் எதிர்ப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் கம்பெனி சைலன்சரின் 'அடைப்பு' என்று எல்லாரும் சொல்வது, நீங்கள் தினமும் ஓட்டுகிற வேகத்தில் ஏற்கெனவே மிகச் சின்ன விஷயம். இருக்கிற சின்னதை இன்னும் சின்னதாக்குவதால் பெட்ரோல் மிச்சமாகிவிடாது. தாராளமாக மூச்சுவிடுகிற பைப்பின் பலன் தெரிவது முழு த்ராட்டிலில், மேல் ஆர்பிஎம்மில் (ஆர்பிஎம் என்பது இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றுகிற எண்ணிக்கை). அங்கே யாரும் மைலேஜ் பார்ப்பதில்லை.

எடை குறைவதால் மைலேஜ் கூடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. 7 கிலோ சைலன்சருக்குப் பதில் 3 கிலோ சைலன்சர் என்றே வைத்துக்கொள்வோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோ என்றால் குறைந்த எடை 2 சதவீதத்துக்கும் கீழே. அதுவும் நின்று கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும்தான் உதவும், சீரான வேகத்தில் பெரும்பாலும் காற்றோடுதான் சண்டை, எடையோடு குறைவு. இதை ஒரு காரணமாக வைத்துப் பைப் வாங்காதீர்கள்.

'பேக் பிரஷர் வேண்டும்' என்பதில் பாதி உண்மை

பெரிய குழாய் போட்டால் இழுவை போய்விடும், இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுகிற வழியில் ஒரு தடை, தேவை என்று மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்கிற விளைவு உண்மை, காரணம்தான் வேறு. எந்த இன்ஜினுக்கும் புகை வெளியேறத் தடை தேவையில்லை. தேவைப்படுவது புகையின் வேகமும், சரியான நேரத்தில் திரும்பி வருகிற அழுத்த அலையும்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை பைப்பில் பாய்கிறது. குழாய் அகலமாகிற இடத்தையோ திறந்த முனையையோ அது தொட்டதும், ஒரு வெற்றிட அலை வால்வை நோக்கித் திரும்பி வரும். இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் அது வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கிற புகையை உறிஞ்சி வெளியே இழுத்து, புதுக் காற்றையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். இன்ஜினிலிருந்து சைலன்சர் வரை வளைந்து வருகிற பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும் இந்த அலை எந்த ஆர்பிஎம்மில் சரியாக வந்து சேரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ரேஸுக்கு வடிவமைத்த ஃபுல் சிஸ்டம் (பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேர்ந்த முழு செட்) அதை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளிவிடும், கீழே இழுவை மெலியும். மெலிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐந்தாவது கியரில் போயிருக்க வேண்டிய இடத்தில் நான்காவதில் போவீர்கள். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும், உள் உராய்வு கூடும், மைலேஜ் குறையும். பைப் மைலேஜைத் தொடுகிற உண்மையான வழிகளில் இது ஒன்று. இந்தக் கீழ் இழுவைச் சிக்கலுக்காகத்தான் யமஹா 1980களின் பிற்பகுதியிலேயே எக்ஸப் என்று எக்ஸாஸ்டுக்குள் ஒரு வால்வையே வைத்தது, கீழ் ஆர்பிஎம்மில் வழியைச் சுருக்கி மேலே போகப்போகத் திறந்துவிடும். உங்கள் வண்டியில் இப்படி ஒரு வால்வு இருந்து, புது பைப்பில் அதற்கு இடமில்லை என்றால், கீழ் இழுவை குறையும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி வார்த்தை. அதில் சைலன்சர் இன்ஜினின் ஒரு உறுப்பு மாதிரி. நடுவில் பருத்து, பின்னால் கூம்பாகச் சுருங்குகிற அந்த வடிவம், போர்ட் வழியாக வெளியே நழுவுகிற புதுக் கலவையை அழுத்த அலையால் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. அதை எடுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டினால் எரியாத பெட்ரோல் நேராக வெளியே போகும். அங்கே மைலேஜ் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விழும். அந்த வண்டிக்கு என்றே கணக்குப் போட்டுச் செய்த பைப் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். இனி நான் சொல்வதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு.

முதலில் இப்போதைய மைலேஜை அளந்து எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் பைப் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் 'முன்னாடி 45 கொடுத்த மாதிரி ஞாபகம்' என்பார்கள். ஞாபகத்தோடு ஒப்பிட்டால் எந்த முடிவும் வராது.

டேங்க்கை நிரப்புங்கள், சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நேராக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே அடையாளம் வரை. முடிந்தால் ஒரே பங்க், ஒரே பம்ப். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு வழக்கம்போல ஓட்டி, முக்கால் டேங்க்காவது தீர்ந்த பிறகு அதே அடையாளம் வரை மறுபடி நிரப்புங்கள். 310 கிலோமீட்டர் ஓடி 7.4 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 41.9. பாதி டேங்க்கில் செய்தால் நிரப்புவதில் வருகிற சின்னப் பிசகுகூட விடையில் பெரிதாகத் தெரியும். மீட்டரில் வருகிற சராசரி மைலேஜை நம்பாதீர்கள், அது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியு, தான் தெளித்ததாக நினைத்துக்கொள்கிற பெட்ரோலின் கணக்கு.

குறைந்தது மூன்று டேங்க். ஒன்று 41.9, ஒன்று 40.6, ஒன்று 42.3 என்று வந்தால், எதையுமே மாற்றாமலே உங்கள் வண்டி 1.7 கிலோமீட்டர் ஆடுகிறது என்று அர்த்தம். அப்படியானால் பைப் மாற்றியபின் ஒரே டேங்க்கில் 1 கிலோமீட்டர் குறைந்தது என்று கவலைப்படவும் தேவையில்லை, 1 கூடியது என்று சந்தோஷப்படவும் தேவையில்லை. எனக்கு இந்த ஆட்டத்தின் அளவு தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் சொல்கிற கூடியது குறைந்தது கதைகளில் எதை எடுத்துக்கொள்வது என்று புரிந்தது.

அளக்கிற நாட்களில் டயர் காற்று ஒரே அளவில் இருக்கட்டும், குளிர்ந்த டயரில் பாருங்கள். செயினைக் கழுவி எண்ணெய் விட்டுத் தளர்வைச் சரிபார்த்துவிடுங்கள். ஸ்பிராக்கெட்டையோ டயர் அளவையோ இதே சமயத்தில் மாற்றாதீர்கள், கிலோமீட்டர் கணக்கே மாறிவிடக்கூடும். பெட்ரோலும் ஒன்றாக இருக்க வேண்டும்: 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் சுத்தமான பெட்ரோலைவிடச் சுமார் 3 சதவீதம் எரிசக்தி குறைவு, 20 சதவீதம் கலந்ததில் இன்னும் குறைவு. பைப் மாற்றிய அதே மாதத்தில் பெட்ரோலும் மாறியிருந்தால் பழி தேவையில்லாமல் பைப் மேல் விழும். மழைக்காலத்தில் அளந்ததை வெயில்காலத்தோடு ஒப்பிடுவதும் சரியாக வராது.

எதை வாங்குவது

மைலேஜ் முக்கியம் என்றால் ஸ்லிப்-ஆன் போதும். பின்பகுதி டப்பா மட்டும் மாறும், பெண்ட் பைப், ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனைப் பார்த்து இசியுவுக்குச் சொல்வது) எல்லாம் அப்படியே இருக்கும். பல வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பெண்ட் பைப்பிலோ நடுப்பகுதியிலோ இருப்பதால் தப்பிவிடும். சிலவற்றில் அது டப்பாவுக்குள்ளேயே இருக்கும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லிப்-ஆன் ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தால் மைலேஜில் வருகிற வித்தியாசம் மேலே சொன்ன ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

ஃபுல் சிஸ்டம் என்றால் சென்சார் மாட்டுகிற துளை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கம்பெனி பைப்பில் இருந்த அதே தூரத்தில் இருக்க வேண்டும். விலை குறைந்த பைப்புகளில் அது தள்ளிப்போய் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சென்சார் சரியாக வேலை செய்யச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சில சின்ன வண்டிகளின் சென்சாரில் தனி ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டை நம்பித்தான் அது உயிரோடு இருக்கிறது. அதைக் கீழே தள்ளி வைத்தால் சூடு போதாது, இசியு சென்சாரை நம்பாமல் தனக்குத் தெரிந்த கணக்கில் பெட்ரோலைத் தெளிக்கும். மரையின் அளவையும் கேளுங்கள், எம்18 மரையும் எம்12 மரையும் இரண்டுமே புழக்கத்தில் உண்டு.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்தால் மைலேஜ் கூடும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். சீரான வேகத்தில் அதன் எதிர்ப்பு எவ்வளவு சொற்பம் என்று மேலே பார்த்தோம். எடுத்தால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே வெளியே வரும், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. டப்பாவுக்குள்ளே சத்தத்தை அடக்குகிற பஃபிளையும் கழற்றாதீர்கள். அது இல்லாமல் கிடைப்பது சத்தம் மட்டும்தான், பக்கத்துத் தெருவில் தூங்குகிற குழந்தையையும் நினைக்க வேண்டும்.

மாட்டும்போது: மைலேஜ் ஓட்டையாவது இங்கேதான்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், நான் பட்டது இங்கேதான்.

என் வண்டிக்கு ஃபுல் சிஸ்டம் போட்டபோது முந்தைய மூன்று டேங்க்கின் சராசரி 41க்கு மேல். மாட்டிய பின் முதல் டேங்க் 36, அடுத்தது 35. ஓட்டுகிற பாதையும் நேரமும் மாறவில்லை. பைப் அப்படித்தான், மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று இசியுவில் எழுதி வைத்திருக்கிற அட்டவணை) மாற்றினால் சரியாகிவிடும் என்று மாட்டிக்கொடுத்த இடத்தில் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் விடிகாலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். டிக் டிக் என்று மெல்லிய சத்தம், நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. இரண்டு நிமிடத்தில் இரும்பு சூடாகி விரிந்ததும் சத்தம் காணாமல் போய்விட்டது. ஆறவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பெண்ட் பைப்பை ஹெட்டோடு சேர்க்கிற ஃபிளாஞ்சின் ஒரு பக்கம் மட்டும் கரி கோடு போட்டிருந்தது. கழற்றினேன். பழைய செம்பு கேஸ்கட் போர்ட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருக்கிறார்கள், ஃபிளாஞ்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பழையதைச் சுரண்டி எடுத்து, புது கேஸ்கட் ஒன்று வைத்து, இரண்டு நட்டையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அடுத்த இரண்டு டேங்க் 40.3, 41.1. மேப்பில் யாரும் கையே வைக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? புகை வெளியே கசிவதால் பெட்ரோல் வீணாவதில்லை. பைப்பில் அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அது வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நொடியில் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். கசிவு சென்சாருக்கு முன்னால் இருந்தால், அந்தக் காற்றில் இருக்கிற ஆக்சிஜனைச் சென்சார் பார்த்துவிட்டு 'பெட்ரோல் போதவில்லை' என்று இசியுவுக்குச் சொல்லும். இசியு கூடுதலாகத் தெளிக்கும், கசிவு இருக்கிறவரை தெளித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினுக்குள் கலவை உண்மையில் சரியாகத்தான் இருந்தது, பொய்த் தகவலால் அது பணக்காரக் கலவையாக, அதாவது பெட்ரோல் அதிகமான கலவையாக, ஆகிவிடுகிறது.

ஆகவே, நசுங்குகிற வகை கேஸ்கட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், பழையதை முழுக்க எடுத்தாயிற்றா என்று விரலால் தடவிப் பாருங்கள். எல்லா இணைப்பையும் முதலில் கையால் தளர்வாக மாட்டி, டப்பாவின் பிராக்கெட் இழுக்காமல் தள்ளாமல் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, ஹெட்டிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் நோக்கி இறுக்குங்கள். எத்தனை டார்க் (நட்டை இறுக்க வேண்டிய அளவு) என்பது வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பசை பூச வேண்டாம், அதிலிருந்து வருகிற ஆவி ஆக்சிஜன் சென்சாரையே கெடுத்துவிடும். சென்சாரைக் கழற்றும்போது முதலில் ஒயர் கனெக்டரைப் பிரியுங்கள், இல்லையென்றால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். மரையில் மட்டும் பிடித்துக்கொள்ளாமலிருக்கிற பேஸ்ட் தடவலாம், முனையில் எதுவும் படக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் குளிர்ந்த இன்ஜினில் நட்டுகளை இன்னொருமுறை சரிபாருங்கள்.

எஃப்ஐ (பெட்ரோலை இசியு தெளிக்கிற) வண்டியில் கலவை

பெட்ரோல் முழுக்க எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. அதிக சக்தி கிடைப்பது 12.5லிருந்து 13 வரை, சிக்கனம் கிடைப்பது 15.5, 16 பக்கம். சென்சார் உள்ள வண்டியில் சீரான வேகத்தில் இசியு 14.7ஐச் சுற்றியே கலவையைப் பிடித்து வைத்திருக்கும், நீங்கள் எந்தப் பைப்பை மாட்டினாலும் தானே திருத்திக்கொள்ளும். 1976இல் வால்வோ 240 காரில் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வந்ததிலிருந்து அடிப்படை இதேதான். முழு த்ராட்டிலில் மட்டும் இசியு சென்சாரைக் கேட்காது, தன்னிடம் எழுதி வைத்திருக்கிற மேப்பைப் பார்க்கும். அங்கே புது பைப்பால் கலவை கொஞ்சம் மெலியலாம், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையலாம்.

எனவே ஸ்லிப்-ஆனுக்கு மேப் மாற்றுவது பெரும்பாலும் தேவையில்லாத செலவு. ஃபுல் சிஸ்டமும் ஏர் ஃபில்டரும் மாறியிருந்தால் டியூனரிடம் போங்கள், போகும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கலவை விகிதத்தைத் துல்லியமாகக் காட்டுகிற வைட்பேண்ட் சென்சார் வைத்து அளந்து செய்ய வேண்டும் என்பது ஒன்று. சீரான வேகத்தில் ஓடுகிற பகுதியைத் தொடாமல் மேல் த்ராட்டில் பகுதியை மட்டும் சரிசெய்ய வேண்டும் என்பது இன்னொன்று. மேப் முழுக்க ஒரே கையாக 5 சதவீதம் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சென்சாருக்குப் பதிலாக ஒரு சின்ன பிளக்கை மாட்டி இசியுவை ஏமாற்றுகிற ஓ2 எலிமினேட்டரும் வேண்டாம். திருத்திக்கொள்கிற ஒரே கண்ணை மூடிவிட்டு மைலேஜ் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆக்சிலரேட்டரை விட்டதும் டப் டப் என்று வெடிப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். மிச்சம் மீதி கலவை சூடான பைப்புக்குள் காற்றோடு சேர்ந்து எரிகிற சத்தம் அது. கம்பெனி டப்பாவிலும் இது லேசாக நடந்திருக்கும், டப்பா அமுக்கியிருக்கும். பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் புதுக் காற்றை விடுகிற ஏற்பாடு இருக்கிறது, வெடிப்புக்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். சத்தம் திடீரென்று அதிகமானால் முதலில் கசிவைத் தேடுங்கள். அதை அடக்கக் கலவையை ஏற்றுவது, சத்தத்தைப் பெட்ரோல் ஊற்றி அணைப்பது மாதிரி.

கார்புரேட்டர் வண்டியில் கலவை

கார்புரேட்டர் தானாகத் திருத்திக்கொள்ளாது, அதனால் இங்கே இரண்டு பக்கமும் நடக்கலாம். கம்பெனி அமைப்பில் கொஞ்சம் பணக்காரக் கலவையாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, தாராளமான பைப்பால் லேசாக மெலிந்து சிக்கனப் பக்கம் நகர்ந்தால் மைலேஜ் கூடும். 2 கிலோமீட்டர் கூடியது என்று சொன்னவரின் கதை பெரும்பாலும் இதுதான். அதிகம் மெலிந்தால் இன்ஜின் சூடேறும், த்ராட்டிலைத் திறக்கும்போது தடுமாறும், நாம் இன்னும் முறுக்குவோம், கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும்.

பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டை மாற்றும்போது எது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐடிலிலிருந்து கால் த்ராட்டில் வரை ஸ்லோ ஜெட், காலிலிருந்து முக்கால் வரை ஊசி, அதற்கு மேலே மெயின் ஜெட். தினசரி ஓட்டம் எல்லாம் முதல் இரண்டில்தான் நடக்கிறது. மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றினால், 112க்குப் பதில் 115 என்று வைத்துக்கொள்ளுங்கள், தினசரி மைலேஜில் அது அவ்வளவாகத் தெரியாது. பெரிதாகப் பாதிப்பது அதோடு சேர்த்து ஊசியையும் தூக்கிவிடுவது. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே எழும், நடு த்ராட்டிலில் பெட்ரோல் கூடும், நீங்கள் நாள் முழுக்க ஓட்டுகிற இடம் அதுதான். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். மேல் ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறினால் மெயின் ஜெட். நடுவில் தடுமாறினால் மட்டும் ஊசி, அதுவும் ஒரே ஒரு பள்ளம்.

கார்புரேட்டரில் கலவையைத் திருத்துகிற ஸ்குரூவில் ஒரு எச்சரிக்கை. இன்ஜின் பக்கம் இருக்கிற ஸ்குரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் கலவை பணக்காரமாகும். ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருப்பினால் பணக்காரமாகும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு திருப்பியவர்கள் நிறைய.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் புது ஸ்பார்க் பிளக் ஒன்றை மாட்டி, வழக்கமான வேகத்தில் 10 கிலோமீட்டர் சீராக ஓட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கிப் பிளக்கைக் கழற்றுங்கள். பின்னால் வண்டி வராத ரோடாகப் பார்த்துச் செய்யுங்கள். இளம் பழுப்போ சாம்பலோ என்றால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை என்றால் மெலிவு. கையில் ஒட்டுகிற கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் வீணாகிறது. ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கழற்றிப் பார்த்தால் ஐடில் நிறம்தான் தெரியும்.

கை

60இலிருந்து 80க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 1.8 மடங்கு ஆகிறது, அதை வெல்லத் தேவையான சக்தி ஏறக்குறைய 2.4 மடங்கு. நல்ல சத்தம் வருகிற பைப் ஒவ்வொரு கியரிலும் ஆயிரம் ஆர்பிஎம் கூடுதலாக இழுக்க வைக்கும், ஓட்டுகிறவருக்கே தெரியாது. நான் இதைக் கண்டுபிடித்தது காதில் இயர்பிளக் வைத்து ஒரு டேங்க் ஓட்டியபோது: கை தானாகவே முன்பு மாதிரி சீக்கிரம் கியர் மாற்ற ஆரம்பித்தது, அந்த டேங்க்கில் 1.5 கிலோமீட்டர் கூடுதலாக வந்தது. ஆட்டத்தின் அளவுக்குள் வருகிற எண்தான், ஆனால் அடுத்த டேங்க்கிலும் அப்படியே வந்தது. பைப் மாட்டிய முதல் டேங்க்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஆசைக்கு ஓட்டுகிற டேங்க், ஓட்டித் தீர்த்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து அளக்க ஆரம்பியுங்கள்.

குறைந்துவிட்டது என்று உறுதியானால்

மூன்று டேங்க் அளந்து, பழைய சராசரியைவிட ஆட்டத்தைத் தாண்டிக் குறைந்திருக்கிறது என்றால், வரிசையாகப் போங்கள். குளிர்ந்த இன்ஜினில் கசிவு, அப்புறம் சென்சார் கனெக்டரும் ஒயரும், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் பிழைக் குறியீடு, அப்புறம் பிளக் நிறம், டயர் காற்று, பிரேக் எங்காவது பிடிக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது. பைப் மாற்றிய வாரத்தில் தற்செயலாகப் பிரேக் ஒட்டிக்கொண்ட வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

எதுவும் அகப்படவில்லை என்றால் கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டி இரண்டு டேங்க் ஓட்டுங்கள். பழைய மைலேஜ் திரும்பினால் பைப்தான் காரணம், திரும்பவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. இதற்காகவே கம்பெனி சைலன்சரை விற்றுவிடாமல், உள்ளே ஈரம் தங்காதபடி காயவைத்து, வாயைத் துணியால் அடைத்து, புது கேஸ்கட் ஒன்றும் அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.